ஆடிய பல்: அன்றும் இன்றும்

ஆடுகிற பல்லை நிறுத்திவைக்க முடியுமா என்று அறுபது ஆண்டுகளுக்கு முன் தேவிகாபுரத்தில் யாரும் கேட்டதில்லை. எப்போது பிடுங்கலாம் என்றுதான் கேட்டார்கள். நாற்பதைத் தாண்டினால் ஈறு இறங்கும், பல் நீளும், ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது அசையும், பிறகு விழும். நரையைப் போல, கண் மங்குவதைப் போல இதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள். இன்று அதே ஊரிலிருந்து பேருந்து ஏறிப் போனால், ஈற்றைத் திறந்து, வேரைச் சுரண்டி, கரைந்த எலும்பின் பள்ளத்தில் எலும்புத் தூளிட்டு, மூடித் தைத்து அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன்.

தேவிகாபுரம் பட்டு நெசவின் ஊர். ஆரணிப் பட்டு என்று கடையில் விற்கும் புடவையில் ஒரு பங்கு இங்குள்ள தறிகளில் இறங்கியது. வீட்டுக்குள்ளேயே குழித்தறி, குழிக்குள் கால், மடியருகில் நாடா, கைக்கெட்டும் தூரத்தில் வெற்றிலைப் பெட்டி. நெசவாளிக்கு வெற்றிலையும் புகையிலையும் வெறும் பழக்கமாக மட்டும் இருக்கவில்லை. காலை முதல் மாலை வரை ஒரே இருப்பில் பசியையும் முதுகுவலியையும் தள்ளிப்போட அதுவே உதவியது. எங்கள் பெரியப்பா அப்படித்தான் நெய்தார். இழை அறுந்தால் இரு முனைகளையும் விரலால் முறுக்கிப் பிணைத்துவிட்டு, மிஞ்சிய நுனியை முன்பல்லால் நறுக்கென்று கடித்துத் துப்புவார். முன்பல் இரண்டும் விலகி ஆடத் தொடங்கியபோது சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை நூலில் கட்டித் தறியில் தொங்கவிட்டுக்கொண்டார். பல் போனதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டதேயில்லை. வேலைக்கு வேறு வழி கண்டுபிடித்ததோடு சரி.

அன்றைய காலைகளில் வேப்பங்குச்சி இருந்தது, உமிக்கரி இருந்தது, கொஞ்சம் வசதி இருந்த வீடுகளில் கோபால் பல்பொடியோ நஞ்சன்கூடு பல்பொடியோ இருந்தது. குச்சியை மென்று, திண்ணையில் உட்கார்ந்து, கால்மணி நேரம் பல் துலக்குவார்கள். அந்த நிதானம் இன்று இல்லை. ஆனால் கெடுதல் தொடங்குகிற இடத்தை அந்தக் குச்சி தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்லின் வெளிமுகம் வெளுக்கும்; இரண்டு பல்லுக்கு நடுவிலும், கடைவாயின் உள்பக்கத்திலும் படிவது அப்படியே இருக்கும். அது இறுகிக் காரையாகும். காரையின் மேல் மறுபடி படிவு சேரும்.

ஈறு இரத்தம் கசிந்தால் உப்பு கலந்த வெந்நீரில் வாய் கொப்பளிப்பார்கள். தேவிகாபுரத்தில் வெந்நீருக்குத் தனி மதிப்பு உண்டு. மலைமேல் இருக்கும் கனககிரீசுவரருக்கு வெந்நீரில் அபிஷேகம் நடக்கிறது. கிழங்கு தோண்டிய வேடனின் கருவி பட்டு லிங்கத்தில் இரத்தம் கசிந்தது, அந்தக் காயத்துக்குத்தான் இந்த வெந்நீர் என்று ஊரில் கதை சொல்வார்கள். உப்பு வெந்நீர் இன்றும் தவறான அறிவுரை இல்லை. வீக்கமும் எரிச்சலும் கொஞ்சம் தணியும். ஆனால் ஈற்றுக்கு அடியில் இருக்கும் காரையை எந்த வெந்நீரும் கரைக்காது. இரத்தம் நின்றதால் நோய் போய்விட்டது என்று நினைத்ததே பலருடைய பல்லைக் கொண்டுபோனது.

நோய் என்ன செய்கிறது என்பதை நெசவாளர்களுக்குச் சொல்வது எளிது. தறியின் ஊன்றுகால் எவ்வளவு உறுதியான மரமாக இருந்தாலும், அதைப் பிடித்திருக்கும் மண் அரித்தால் கால் ஆடும். பல்லைப் பிடித்திருப்பது தாடை எலும்பும், எலும்பையும் வேரையும் இணைக்கும் நுண்ணிய நார்களும். நலமான வாயில் ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கு 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காரையும் கிருமியும் உள்ளே இறங்க இறங்க, அவற்றோடு போராடும் உடம்பின் அழற்சியே நாரையும் எலும்பையும் கரைக்கிறது. இடுக்கு பையாக மாறி 5, 6, 8 மில்லிமீட்டர் என்று ஆழ்கிறது. வலி பெரும்பாலும் இருக்காது. பல் ஆடும் நாளில்தான் செய்தி வெளியே வருகிறது. அதற்குள் எலும்பில் பாதி போயிருக்கும்.

இந்த நோய்க்கு வெளிநாட்டிலும் நெடுங்காலம் பிடுங்குவதே வைத்தியமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்தில் ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவர், பிடுங்காமல் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பல் நிற்கும் என்று வாதாடினார். அவர் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். ஆனால் அவர் வழியில் போனவர்கள் குறைவு. 1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மாண்ட்ரியலில் பேசிய பேச்சுக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வாயின் அழுக்கே உடம்பின் பல நோய்களுக்கு மூலம் என்ற எண்ணம் பரவி, மூட்டுவலிக்கும் வயிற்றுவலிக்கும் வாய்நிறையப் பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். இந்த நோயைக் குறிக்கும் பயோரியா என்ற சொல் நம்மூர்ப் பத்திரிகை விளம்பரங்கள் வரை வந்து பயமுறுத்திய காலமும் ஏறக்குறைய அதுதான்.

பிடுங்காமல் அறுத்துச் சரிசெய்யும் முயற்சிகளும் பக்கத்திலேயே நடந்தன. 1884இல் வியன்னாவில் ரோபிசெக், நோயுற்ற ஈற்றின் சுவரையே வெட்டி அகற்றினார். பை என்பது ஈற்றின் சுவர். சுவரை எடுத்துவிட்டால் பை இல்லை என்பது கணக்கு. வெட்டிய இடம் மூடப்படாமல் பச்சைப் புண்ணாக நிற்கும். அதன்மேல் கிராம்பு எண்ணெயும் துத்தநாகப் பொடியும் குழைத்த களிம்பை அப்புவார்கள். 1918இல் ஸ்வீடனின் லியோனார்ட் விட்மன் வேறு வழி சொன்னார்: ஈற்றை எறியாமல் மடல்போல விலக்கி, உள்ளே கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து, மறுபடி மூடு. அரை நூற்றாண்டு கழித்து, 1974இல், ராம்ஃப்ஜோர்டும் நிஸ்லும் அதை இன்னும் சிக்கனமாக்கினார்கள். இன்று ஆரணியிலும் வேலூரிலும் ஃபிளாப் சர்ஜரி என்று சொல்லப்படுவது இந்த வழியில் வந்ததுதான்.

இவை எதுவும் அன்றைய தேவிகாபுரத்துக்கு எட்டவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953இல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 1980இல் வந்தது. அதுவரை வட ஆர்க்காட்டு நெசவாளிக்குத் தெரிந்த பல் வைத்தியம், சந்தையில் குறடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரும், நகரத்தில் பலகை மாட்டியிருந்த பல் கட்டுபவரும்தான். மரப்பு ஊசிக்கு உயிரான லிடோகெயின் 1943இல் ஸ்வீடனில் உருவானது. கிராமத்து வாய்களுக்கு அது வந்துசேர இன்னும் பல பத்தாண்டுகள் பிடித்தன. அன்று பல் பிடுங்கியவர் ஊருக்குள்ளேயே வந்தார், கையிலிருந்த காசை வாங்கிக்கொண்டார், ஒரு நொடியில் முடித்தார். அந்த அண்மையை நாம் இழந்தோம் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் தறியை விட்டு ஒருநாள் எழுந்தால் அந்த நாளின் கூலி போகும் என்ற வீட்டில் அண்மை சின்ன விஷயம் இல்லை.

மருத்துவமே தொடாத ஈறு நோய் என்ன செய்யும் என்பதை உலகத்துக்குக் காட்டியது தமிழர்களின் வாய்தான். நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ, 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களின் பற்களை அளந்தார். எல்லோரும் ஆண்கள். பல் மருத்துவம் கிடைக்காதவர்கள், பல் துலக்கும் வழக்கமும் நாம் அறிந்த முறையில் இல்லாதவர்கள், வெற்றிலை போடுபவர்கள். அதே குழு ஆஸ்லோவில் படித்த இளைஞர்களையும் ஆசிரியர்களையும் இன்னொரு பக்கம் அளந்துவந்தது. 1985 வரை பதினைந்து ஆண்டுகள் இலங்கையில் திரும்பத் திரும்ப அளந்தார்கள். 1986இல் வெளியான முடிவைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்: 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் போனது, 81 சதவீதம் பேருக்கு நடுத்தரமாக, 11 சதவீதம் பேருக்கு ஏறக்குறைய போகவேயில்லை. 45 வயதில் முதல் கூட்டத்தார் இழந்த பிடிப்பு சராசரியாக 13 மில்லிமீட்டர், நடுக்கூட்டத்தார் 7, கடைசிக் கூட்டத்தார் 1. சொத்தைப் பல் அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. சொத்தையே இல்லாத நல்ல பற்கள், பிடிமானம் போனதால் மட்டும் விழுந்தன.

இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு எண்ணங்கள் வரும். ஒன்று நன்றி. ஈறு நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை, யாருக்கு அறுவை வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற அறிவு இங்கிருந்துதான் வலுப்பெற்றது. மற்றது மனக்கனம். கொழுந்து பறிக்கும் மலைக்குப் பஞ்சம் பிழைக்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் பதினைந்து ஆண்டுகள் வாயைத் திறந்து காட்டினார்கள்; அந்த அறிவின் பயன் முதலில் சேர்ந்தது வேறு ஊர்களின் வாய்களுக்கு. தாயகத்தில் தறியில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவுக்கும் அது சேரவில்லை. அவர் கடைசிப் பல்லையும் இழந்து, செட் கட்டி, அது பொருந்தாமல் பெட்டியில் வைத்துவிட்டு, குழைந்த சோறோடு காலம் தள்ளினார்.

அவருடைய மகன், என் அண்ணன், ஐம்பத்தைந்து வயதில் அதே புகார்களோடு ஆரணிக்குப் போனார். நான் உடன் போயிருந்தேன். மருத்துவர் சின்ன வயதுப் பெண். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈற்றின் இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று அளந்து, பக்கத்தில் நின்ற உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். நாலு, ஏழு, ஆறு, எட்டு.

“எல்லாத்தையும் புடுங்கிட்டு செட் வெச்சிடுங்கம்மா. எங்கப்பாவும் அப்படித்தான் பண்ணாரு.”

“வேணாங்கய்யா. ரெண்டு பல்லு நிக்காது, அத எடுத்திடலாம். மத்ததெல்லாம் நிறுத்தலாம். ஆனா மொதல்ல புகையிலைய விடணும். சர்க்கரை பாத்தீங்களா?”

பார்த்திருக்கவில்லை. பார்த்தபோது கூடுதலாக இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஈறு நோய் வேகமாகப் போகிறது. ஈற்றில் தீராத அழற்சி இருப்பவருக்குச் சர்க்கரை கட்டுக்கு வர மறுக்கிறது. அன்று இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. மாத்திரை கொண்டுவருபவர், ஈற்றில் இரத்தம் வருகிறதா என்ற ஒரு கேள்வியையும் கேட்டால் எத்தனையோ பற்கள் மிஞ்சும் என்பது என் நம்பிக்கை.

உடனே கத்தி எடுக்கவில்லை. இன்றைய முறையில் அதுவே பெரிய மாற்றம். முதலில் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள், இடுக்குக்குச் சின்ன பிரஷ் கொடுத்தார்கள். பிறகு மரப்பு ஊசி போட்டு ஈற்றின் கீழே வேர் வரை சுரண்டினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தார்கள். எட்டாக இருந்தவை ஐந்தாகியிருந்தன, ஆறாக இருந்தவை மூன்றாகியிருந்தன. குறையாமல் நின்ற ஆழமான பைகளுக்கு மட்டும்தான் அறுவை. இதற்குப் பின்னால் 1982இல் லிண்டே குழுவினர் சொன்ன ஒரு கணக்கு இருக்கிறது: ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டருக்குக் குறைந்த பையில் மடல் திறந்து அறுத்தால் பிடிப்பு கூடுவதற்குப் பதில் குறையும். 6 மில்லிமீட்டரைத் தாண்டிய பைகளில் அறுவை, சுரண்டலைவிடச் சராசரியாக 0.6 மில்லிமீட்டர் கூடுதலாக ஆழத்தைக் குறைக்கிறது. அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அன்று ஈற்றை ஒட்டுமொத்தமாக வெட்டியவர்கள் இந்த அளவைக் கண்டிருந்தால் பாதிக் கத்தியை உறையில் போட்டிருப்பார்கள்.

அறுவை நாளில் அண்ணனின் கீழ்த்தாடை வலப்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். சின்னக் கத்தி பல்லின் ஓரமாகவே ஈற்றுக்குள் இறங்கியது. தட்டையான கருவியால் ஈற்றை எலும்பிலிருந்து மெல்ல விலக்கினார் மருத்துவர். உள்ளே முதலில் தெரிந்தது சிவந்த, பஞ்சுபோன்ற அழற்சித் தசை. அதை வழித்தெடுத்ததும் வேர் தெரிந்தது. வேரில் ஒட்டியிருந்த காரை வெள்ளையாக இல்லை, பச்சையும் கருப்பும் கலந்து அடுப்புக்கரி ஒட்டியதுபோல இருந்தது. எத்தனை வருடம் அங்கே இருந்ததோ. நீர் பீச்சும் கருவியாலும், வளைந்த நுனியுள்ள கையுளியாலும் வேர் வழவழப்பாகும் வரை சுரண்டினார். கடைவாய்ப் பல்லின் பின்னால் எலும்பில் கிண்ணம்போல ஒரு பள்ளம். அதில் எலும்புத் தூளை உப்புநீரில் நனைத்து நிரப்பினார். முன்பு பள்ளம் இருந்தால் சுற்றியுள்ள நல்ல எலும்பையும் சீவி மட்டமாக்குவார்கள். இன்று முடிந்தவரை நிரப்புகிறார்கள். ஈறு முந்திக்கொண்டு வளர்ந்து பள்ளத்தை அடைத்துவிடாமல் நடுவில் ஒரு மெல்லிய தடுப்பை வைத்தால், வேரில் இழந்த நார்ப்பிடிப்பே திரும்ப வளரும் என்பதை 1982இல் நைமன் ஒரு மனிதப் பல்லில் காட்டினார். நோயாளியின் இரத்தத்தையே சுழற்றி எடுக்கும் ஜவ்வும் இப்போது அந்த வேலைக்கு உதவுகிறது. எல்லாப் பள்ளமும் நிரம்புவதில்லை. சுவர்கள் நிற்கும் குறுகிய, ஆழமான பள்ளம் நிரம்பும். எலும்பு மட்டமாகக் கரைந்திருந்தால் அது திரும்பாது.

பிறகு தையல். கருப்பு நூல் வந்தது, பட்டு நூல். தேவிகாபுரத்துக்காரனுக்கு அதைப் பார்த்தால் மனம் நிற்காமல் போகுமா? கூட்டிலிருந்து எடுத்த பச்சைப் பட்டில் பசை இருக்கும். புடவைக்கானால் அதைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகவைத்துப் பசையை நீக்குவார்கள். எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறையும். அறுவை நூலுக்கும் அதே பசையை நீக்கி, பின்னி, மெழுகு பூசுகிறார்கள். நெடுங்காலம் ஈறு அறுவையில் அதிகம் கையாளப்பட்ட நூல் இதுதான். முடிச்சு வழுக்காது, வாயில் குத்தாது. ஆனால் பின்னலின் இடுக்கில் கிருமி ஏறும், ஏழு முதல் பத்து நாளில் எடுத்துவிட வேண்டும். தானே கரையும் செயற்கை நூல் 1970களில் வந்த பிறகு பல இடங்களில் பட்டு பின்னுக்குப் போயிற்று. நம்மூர் மருத்துவமனைகளில், விலை குறைவு என்பதால், இன்னும் இருக்கிறது. அண்ணன் தையல் பிரிக்கப் போன அன்று அந்தத் துண்டு நூலைக் கேட்டு வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். “நல்ல முறுக்கு” என்றார்.

அவருக்கு இன்று இருபத்து நான்கு பற்கள் உண்டு. அவருடைய அப்பாவுக்கு அந்த வயதில் எட்டு. இழந்ததும் இருக்கிறது. வீக்கம் வடிந்த ஈறு கீழிறங்கியதால் பற்கள் நீண்டு தெரிகின்றன. இரண்டு பல்லுக்கு நடுவே கருப்பாகச் சின்ன முக்கோணங்கள். ஐஸ் தண்ணீர் கூசுகிறது. சிரிக்கும்போது மேலுதட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்கிறார். ஈறு அறுவை அழகைத் திருப்பித் தருவதில்லை. கடிக்கும் திறனைத் தருகிறது. கறியும் கடலையும் தின்கிறார். ஊர்த் திருவிழாவில் கரும்பு கடித்தார்.

ஊரிலும் சில மாறியிருக்கின்றன. 2013இல் தமிழகத்தில் குட்கா, பான்மசாலா தடை வந்தது. தடை வந்த பிறகும் பொட்டலம் ஒளிந்து விற்கிறது. ஆனாலும் இளைஞர்களின் தறியருகில் வெற்றிலைப் பெட்டி குறைவு. அந்தத் தறிகளே குறைந்துவிட்டன என்பதும் உண்மை. பெண்கள் தார் சுற்றிக்கொண்டே பேசும்போது பல்லைப் பற்றிப் பேச்சு வந்தால், பிடுங்கு என்று சொல்பவர்களைவிடக் கிளீனிங் பண்ணிக்கோ என்று சொல்பவர்கள் இப்போது அதிகம். கூடவே, கிளீன் செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயமும் மாறாமல் இருக்கிறது. காரையே பிடித்து நிறுத்தியிருந்த பல், காரை போனதும் ஆடுவது வெளியே தெரிகிறது. சுத்தம் செய்தது அதை ஆட்டவில்லை. இதை மருத்துவர்கள் ஒவ்வொருவருக்கும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். சொல்லாததால் பாதிச் சிகிச்சையில் நின்றுபோனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

மாநிலத்தில் தனியார் கல்லூரிகளையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஈறு நோய்க்கென்றே மூன்றாண்டு மேற்படிப்பு முடித்தவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நகரங்களில் தங்குகிறார்கள். அறுவை ஒருநாள் வேலை; அதற்காக ஆரணிக்கோ வேலூருக்கோ ஒருநாள் போய்வர நெசவாளியால் முடியும். கடினமானது அதற்குப் பிறகு வருவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்து, சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும், வாழ்நாள் முழுக்க. அமெரிக்காவில் 600 ஈறு நோயாளிகளைச் சராசரி 22 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து, 1978இல் முடிவை வெளியிட்டார்கள். இடைவிடாமல் பராமரிக்கப்பட்ட அந்தக் கூட்டத்தில் 83 சதவீதம் பேர் அத்தனை ஆண்டுகளில் மூன்று பல்லுக்கு மேல் இழக்கவில்லை. இலங்கைத் தோட்டத்தின் 45 வயது வாய்களுக்குப் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

அண்ணன் முதல் வருடம் நாலு முறையும் தவறாமல் போனார். இரண்டாம் வருடம் ஆடி மாதத்து முறையைத் தவறவிட்டார். ஆவணி முகூர்த்தத்துக்கான புடவை தறியில் இருந்தது, முதலாளி அவசரப்படுத்தினார். போய்வரும் பேருந்துக் கட்டணத்தைவிட, எழுந்துபோகும் அந்த ஒரு நாளின் நெசவுதான் அவருக்குப் பெரிய செலவு. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கூலி கொடுக்கும் நாளில், சங்கக் கட்டடத்திலேயே மாதம் ஒருமுறை ஒரு ஈறு மருத்துவர் வந்து உட்கார்ந்தால் இந்தச் செலவு இல்லை. நாற்காலியும் விளக்கும் சுத்தம் செய்யும் கருவியும் வண்டியில் வரக்கூடியவை. கல்லூரிகள் பல் மருத்துவ முகாம்களுக்கு அப்படி வண்டி அனுப்புகின்றன. முகாம் ஒருநாள் வந்து போகிறது. ஈற்றுக்குத் தேவை மூன்று மாதம் கழித்து அதே கை மறுபடி வருவது.